பாட்டு போன வழியும் திரும்பி வந்த வழியும்

1890 மார்ச் மாதம். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மெய்ன் மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி கேலஸ் என்று ஒரு சின்ன ஊர். எழுத்துக்கூட்டிப் பார்த்தால் பிரான்ஸில் இருக்கிற கலே துறைமுகத்தின் பெயர்தான், ஆனால் உள்ளூர்க்காரர்கள் கேலஸ் என்றுதான் சொல்வார்கள். அந்த ஊருக்கு ஜெஸ்ஸி வால்டர் ஃப்யூக்ஸ் என்பவர் எடிசன் கம்பெனியின் ஃபோனோகிராஃப் என்ற ஒலிப்பதிவுப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் இறங்கினார். படிப்பால் அவர் கடல்வாழ் உயிரினங்களை ஆராய்கிறவர். பாஸ்டனில் மேரி ஹெமன்வே என்ற பணக்காரப் பெண்மணி தென்மேற்கு அமெரிக்கப் பழங்குடிகளைப் பற்றிய ஆய்வுக்குச் செலவு செய்துகொண்டிருந்தார், ஃப்யூக்ஸுக்கும் அந்த வேலை கிடைத்திருந்தது. அந்தப் பழங்குடிகளில் ஒன்றான ஸூனி மக்களிடம் போவதற்கு முன்னால் இந்தப் புதுப் பெட்டி வெளியூரில் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று ஒரு வெள்ளோட்டம் பார்க்கத்தான் கேலஸ் பயணம்.

அந்த வெள்ளோட்டத்தில் பதிவானவைதான் அந்தப் பகுதிப் பழங்குடிகளான பாசமகுவாடி மக்களின் பாட்டும் கதையும் பேச்சும். ஆய்வு நோக்கத்தோடு மக்கள் வாழும் இடத்துக்கே கருவியைக் கொண்டுபோய் எடுத்த ஒலிப்பதிவுகளில் இவைதான் முதலாவது என்று பொதுவாகச் சொல்வார்கள். நோயல் ஜோசஃப்ஸ், பீட்டர் செல்மோர் என்ற இரண்டு பேர் பெரும்பாலும் குழாய்க்குள் குனிந்து பாடினார்கள், பேசினார்கள். அவற்றில் 31 மெழுகு உருளைகள் இன்று கையில் இருக்கின்றன. அந்த 31 உருளைகளுக்கு அதன்பிறகு 130 வருடங்களில் என்னவெல்லாம் நடந்தது என்று பார்த்தால், ஒரு நாடு தன் பழைய ஒலிகளைக் காப்பாற்றுவது என்றால் என்ன வேலை, அதில் எங்கெல்லாம் சறுக்குவார்கள் என்பது முழுசாகத் தெரிந்துவிடும். அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

உருளையில் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாட்டுப்புறக் கதைகள், எண்கள், கிழமைப் பெயர்கள், பாம்பு நடனத்துப் பாட்டு, போர்ப்பாட்டு. எனக்குப் பிடித்தது பண்டமாற்றுப் பாட்டு. அந்த வழக்கத்தை ஃப்யூக்ஸே எழுதிவைத்திருக்கிறார். ஒருவர் இன்னொருவர் குடிசை வாசலில் போய் நின்று பாட வேண்டும். பாடிக்கொண்டே உள்ளே நுழைந்து ஆட வேண்டும். ஆடியபடியே வீட்டில் இருக்கிற ஏதாவது ஒரு பொருளைக் கை காட்டி இது எனக்கு வேண்டும், இவ்வளவு தருகிறேன் என்று கேட்க வேண்டும். வீட்டுக்காரர் மறுக்க முடியாது. அந்தப் பொருளைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதே மதிப்புள்ள வேறொன்றைக் கொடுத்தாக வேண்டும். ஃப்யூக்ஸ் இதைக் கர்மசிரத்தையாகக் குறித்துக்கொண்டு, பாட்டையும் உருளையில் வாங்கிக்கொண்டு பாஸ்டனுக்கு ரயில் ஏறிவிட்டார்.

அதே வருடம் ஆய்விதழ்களில் கட்டுரை எழுதினார். ஃபோனோகிராஃப் இருந்தால் அழிந்துபோகிற மொழிகளைப் பிடித்து வைத்துவிடலாம் என்பதுதான் அவருடைய வாதம். அந்தக் காலத்து ஆய்வாளர்கள் பலருக்கும் இந்த மக்கள் சீக்கிரம் இல்லாமல் போய்விடுவார்கள் என்றுதான் நினைப்பு, ஆகவே மிச்சமிருப்பதை எடுத்துப் பத்திரப்படுத்து என்கிற அவசரம். எடுத்ததை அவர்களுக்கே திருப்பிக் கொடுப்போம் என்ற யோசனை அந்த அவசரத்தில் இல்லை. இல்லாமல் போகப்போகிறவர்களுக்கு யாராவது பிரதி போட்டுக் கொடுப்பார்களா.

உருளைகள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பீபாடி அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பிறகு 80 வருடம்.

மெழுகு என்று சொல்கிறோமே தவிர அது மெழுகுவர்த்தி மெழுகு கிடையாது, ஸ்டியரிக் அமிலத்திலிருந்து காய்ச்சி எடுத்த, சோப்புக்குச் சொந்தக்காரப் பொருள். ஏறக்குறைய 4 அங்குல நீளம், 2¼ அங்குல விட்டம், ஒரு டம்ளர் அளவுதான். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் தாங்காது. ஊசி மேலும் கீழுமாக அசைந்து மெழுகில் பள்ளம் வெட்டிக்கொண்டே போகும், திரும்பக் கேட்க வேண்டுமானால் இன்னொரு ஊசி அதே பள்ளத்தில் ஓட வேண்டும். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் கொஞ்சம் தேயும். ஆசையாய்ப் பத்து பேருக்குப் போட்டுக் காட்டினால் பதினோராவது ஆளுக்குக் குரல் மங்கலாகத்தான் கிடைக்கும். பூஞ்சைக்கு இந்தப் பொருள் மிகவும் பிடிக்கும், ஈரப்பதம் கூடினால் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்து பள்ளத்தையே தின்றுவிடும். கீழே விழுந்தால் உடையும். குளிர்ந்த உருளையைச் சூடான உள்ளங்கையால் பிடித்தால்கூட விரிசல் விடலாம், அதனால் உட்புறம் இரண்டு விரலை விட்டு மெதுவாக விரித்துத்தான் தூக்குவார்கள். இப்படிப்பட்ட பண்டம் 80 வருடம் பிழைத்திருந்ததில் பாதுகாப்பை விட யாரும் தொடாமல் விட்டதுதான் அதிகம் உதவியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. மறந்துபோனதும் சில நேரம் நல்லதுக்குத்தான்.

1970இல் பீபாடி அருங்காட்சியகம் இவற்றைக் காங்கிரஸ் நூலகத்துக்குக் கொடுத்தது. (நம்மூர் காங்கிரஸ் அல்ல, அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகம், வாஷிங்டனில் இருக்கிறது.) 1976இல் அங்கே அமெரிக்க நாட்டார் வழக்காற்று மையம் தொடங்கினார்கள். 1979இல் அந்த மையம் கூட்டாட்சி உருளைத் திட்டம் என்ற பெயரில், அரசு நிறுவனங்களில் சேர்ந்து கிடந்த ஏறக்குறைய பத்தாயிரம் உருளைகளை எல்லாம் ஒலிநாடாவுக்கு மாற்றும் வேலையைக் கையில் எடுத்தது. அதோடு நிற்காமல் நாடாப் பிரதிகளை அந்தந்தப் பழங்குடி மக்களுக்கே கொடுத்தார்கள். அன்றைக்கு அது பெரிய விஷயம், இப்போது குறை சொல்வது சுலபம். ஆனால் பாசமகுவாடி மக்களுக்குக் கிடைத்த கேசட்டில் பாட்டைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும். மழை பெய்கிற மாதிரி இரைச்சல், அதற்குள் எங்கேயோ ஒரு குரல். குரல் வீடு வந்து சேர்ந்தது, கேட்கிற நிலையில் வரவில்லை.

அடுத்து சட்டம். 2000 நவம்பரில் அமெரிக்காவில் தேசிய ஒலிப்பதிவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இதன்படி காங்கிரஸ் நூலகர் வருடந்தோறும் பண்பாட்டு, வரலாற்று, அழகியல் முக்கியத்துவம் உள்ள பதிவுகளைத் தேர்ந்தெடுத்து ஒரு தேசியப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும், பதிவுக்குக் குறைந்தது பத்து வயது ஆகியிருக்க வேண்டும். 2002ஆம் ஆண்டுக்கான முதல் பட்டியலில் 50 பதிவுகள். மார்ட்டின் லூதர் கிங் 1963இல் பேசிய பேச்சும், ரூஸ்வெல்ட்டின் வானொலி உரைகளும் இருக்கிற அதே பட்டியலில் இந்த 1890 பாசமகுவாடி உருளைகளும் ஏறின.

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டியலில் ஏற்றுவது ஒரு பட்டம் கட்டுகிற மாதிரி, அதனால் மட்டும் இரைச்சல் குறைந்துவிடாது. பட்டியலில் ஏறி ரொம்ப வருடம் கழித்தும் அந்தப் பாட்டுகளைப் பாடிய மக்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைத்தது பழைய நாடாப் பிரதிதான். பாரம்பரியம் என்று அறிவிப்பதற்கும் காப்பாற்றுவதற்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதை இந்த ஒரு விஷயம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. நம் ஊரில் பழைய கோயில் மண்டபத்து வாசலில் நீலப் பலகை நட்டுவிட்டுப் போவார்களே, அது நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.

இதில் இன்னொரு கூத்து காப்புரிமை, அதாவது காப்பிரைட். அமெரிக்கக் கூட்டாட்சிக் காப்புரிமைச் சட்டம் 1972 பிப்ரவரி 15 முதல்தான் ஒலிப்பதிவுகளுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. அதற்கு முன்னால் பதிவானவை எல்லாம் மாநிலச் சட்டங்களின் கையில் விடப்பட்டன, அந்த ஏற்பாடு 2067 வரை நீள இருந்தது. அதாவது 1890இல் பதிவான குரல் 177 வருடம் கழித்துத்தான் சட்டப்படி கட்டாயம் விடுதலை ஆகியிருக்கும்! புத்தகத்துக்கெல்லாம் இந்தக் கொடுமை இல்லை. உரிமை வைத்திருக்கும் கம்பெனிகளாவது வெளியிட்டார்களா என்றால், காங்கிரஸ் நூலகத்துக்காக 2005இல் செய்த ஆய்வில் 1965க்கு முந்தைய முக்கியமான பதிவுகளில் உரிமையாளர்கள் விற்பனையில் வைத்திருந்தது 14 சதவீதம்தான் என்று தெரிந்தது. மிச்சத்தைத் தாங்களும் தரவில்லை, மற்றவர்களைத் தரவும் விடவில்லை. 2018 அக்டோபரில் வந்த இசை நவீனமயச் சட்டம்தான் இந்த முடிச்சை அவிழ்த்தது. 1923க்கு முன் வெளியான பதிவுகள் எல்லாம் 2022 ஜனவரி 1 அன்று ஒட்டுமொத்தமாகப் பொதுவுடைமை ஆயின. ஒலி ஆவணக்காரர்கள் அந்தப் புத்தாண்டைக் கொண்டாடினார்கள். பாசமகுவாடி மாதிரி மக்களின் பார்வையில் இந்தக் கொண்டாட்டத்தில் ஒரு முள் இருக்கிறது, அதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

2007இல் நூலகத்தின் ஒலி, ஒளித் தொகுப்புகளுக்கு என்றே வர்ஜீனியா மாநிலத்தில் கல்பெப்பர் என்ற ஊரில் ஒரு வளாகம் திறந்தார்கள். மலையைக் குடைந்து கட்டிய இடம். பனிப்போர் காலத்தில் அணுகுண்டு விழுந்தால் நாட்டை மறுபடி தொடங்கப் பணம் வேண்டுமே என்று கோடிக்கணக்கான டாலர் நோட்டுகளை அடுக்கிவைத்திருந்த ரிசர்வ் வங்கியின் பதுங்குகுழிதான் அது. பணம் இருந்த குகையில் இப்போது பாட்டு இருக்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் ஏறாமல் இறங்காமல் வைத்திருப்பார்கள், மெழுகுக்கு அதுதான் மருந்து.

2010களின் நடுவில் பாசமகுவாடி உருளைகளை மறுபடி எடுத்து, இந்தத் தடவை டிஜிட்டலுக்கு மாற்றினார்கள். இந்த வேலையில் உலகம் முழுக்கப் பேர் வாங்கிய கருவி ஆர்க்கியோஃபோன் என்ற பிரெஞ்சு இயந்திரம். பழைய பெட்டியில் இருந்த கனமான ஊசிக்குப் பதிலாக எடை குறைந்த ஊசி, உருளையின் சுற்றளவு சற்று மாறினாலும் ஒத்துப்போகிற அமைப்பு, வேகத்தை விருப்பப்படி கூட்டலாம் குறைக்கலாம். ஊசியே படக்கூடாத அளவுக்கு உடைந்ததும் பூஞ்சை பிடித்ததும் இருந்தால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. கார்ல் ஹேபர் என்ற துகள் இயற்பியலாளர், அணுவை உடைக்கும் சோதனைகளில் துகள்களின் தடத்தை அளக்கிற வேலையில் இருந்தவர், அதே அளவைக் கலையை ஒலிப் பள்ளங்கள் மீது திருப்பிவிட்டார். பள்ளத்தை நுணுக்கமாகப் படம் பிடித்து, ஊசி அதில் ஓடியிருந்தால் எப்படி அசைந்திருக்கும் என்று கணினியில் கணக்குப் போட்டு ஒலியை வரவழைப்பது. உருளையைத் தொடவே வேண்டாம்.

இயந்திரத்தால் தீராத சிக்கல் ஒன்று உண்டு. 1890இல் எந்த வேகத்தில் உருளை சுற்றியது? நிமிடத்துக்கு 160 சுற்று என்பது கம்பெனிகள் பிற்பாடு ஒத்துக்கொண்ட கணக்கு. அதற்கு முந்தையவை ஆளுக்கு ஒரு வேகம். கொஞ்சம் வேகமாக ஓட்டினால் சுருதி ஏறிக் கிழவர் குரல் பையன் குரலாகும், மெதுவாக ஓட்டினால் பாட்டு இழவு வீட்டுப் பாட்டு மாதிரி இழுக்கும். பொறியாளருக்குக் காது நன்றாக இருக்கலாம், ஆனால் அந்த மொழி பேசுகிறவர்தான் இது மனுஷன் பேசுகிற வேகம், இது இல்லை என்று சொல்ல முடியும். இந்த இடத்தில்தான் ஒலிக்காப்பகம் என்பது கிடங்கு வேலை என்ற நினைப்பு உடைகிறது.

பாசமகுவாடி மொழியைப் பேசுகிறவர்கள் இன்று சில நூறு பேர்தான், பெரும்பாலும் வயதானவர்கள். அவர்களில் டுவெயின் டோமா என்பவர் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து உருளை உருளையாக, அடி அடியாகக் கேட்டு எழுதத் தொடங்கினார். ஒரு சொல்லுக்காக ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. 18,000க்கு மேற்பட்ட சொற்களோடு 2008இல் வந்த பாசமகுவாடி-மாலசீட் அகராதி இருப்பதால் எழுத்து வடிவத்துக்குக் குழப்பம் இல்லை, ஆனால் 130 வருடத்துக்கு முந்தைய பேச்சில் வழக்கொழிந்த சொற்கள் வரும், அதற்கெல்லாம் அகராதியில் விடை கிடைக்காது, ஊர்ப் பெரியவர்களைக் கேட்க வேண்டும். பழங்குடியின் வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலரான டொனால்டு சாக்டோமாவும் இந்த வேலையில் இருந்தார். இப்போது டோமா அந்தப் பாட்டுகளைப் பாடுகிறார், பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறார்.

என்னைக் கேட்டால், அந்த 31 உருளைகளும் பாரம்பரியம் ஆனது இந்தக் கட்டத்தில்தான். 2002இல் ஆகவில்லை.

நூலகத்தின் பட்டியலும் மாறியது. அதுவரை ஃப்யூக்ஸின் பெயர் முன்னால் நிற்கும், பாட்டுக்கு ஆங்கிலத்தில் அவர் போட்ட தலைப்பு இருக்கும். பாசமகுவாடி மொழியில் தலைப்பும் விளக்கமும் சேர்த்தார்கள். கூடவே லோக்கல் கான்டெக்ஸ்ட்ஸ் என்ற அமைப்பின் மரபறிவுக் குறிச்சீட்டுகள் வந்தன. இவை சட்டம் கிடையாது, மீறினால் வழக்குப் போட முடியாது. ஆனால் அரசாங்க நூலகத்தின் இணையப் பக்கத்தில், பாட்டுக்குப் பக்கத்திலேயே, இந்த மக்கள் தங்கள் மொழியில் தங்கள் நிபந்தனையைச் சொல்கிறார்கள். ஒரு சீட்டு பெயரைச் சரியாகச் சொல்லிப் பயன்படுத்தச் சொல்கிறது, ஒன்று கற்பிக்க மட்டும் என்கிறது, இன்னொன்று ‘மா யூட் மொனுவாசிவ்’, இது விற்பதற்கில்லை.

முள் என்று சொன்னது இதைத்தான். சட்டம் 2022இல் 1923க்கு முன் வெளியான பதிவுகளை எல்லாருக்கும் பொது என்று திறந்துவிட்டது. கம்பெனிப் பாட்டுகளுக்கு அது சரி. பழையது என்றாலே பொது என்று நினைத்து, பாடியவரிடம் சம்மதம் கேட்டு வாங்காத, சமயச் சடங்கில் பாடிய பாட்டையும் அதே கூடையில் போடலாமா? ஃப்யூக்ஸ் கேலஸிலிருந்து போன பிறகு ஸூனியிடமும் ஹோப்பி என்ற இன்னொரு பழங்குடியிடமும் எடுத்த உருளைகளில் சடங்குப் பாட்டுகள் இருந்தன. நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. எங்கள் வீட்டில் பாட்டியிடம் சும்மா ஒரு ஒப்பாரி பாடிக் காட்டு என்று கேட்டால் ‘சாவு விழாத வீட்டுல எதுக்குடா அத இழுக்குற’ என்று விரட்டுவாள். சேகரிக்க வருகிறவர்களுக்குக்கூட ஊர்ப்பெண்கள் வீட்டை விட்டுத் தள்ளி, களத்துமேட்டில் உட்கார்ந்துதான் பாடுவார்கள். பாட்டுக்கு இடமும் வேளையும் உண்டு என்று அறிந்தவர்களுக்கு, எப்போது வேண்டுமானாலும் அழுத்திக் கேட்கிற பொத்தான் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

இந்த வேலையில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1980களில் கொடுத்த நாடாவிலிருந்து கேட்கிற தரத்தில் கையில் வருவதற்கு 30 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது, அந்த 30 வருடத்தில் இந்தப் பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய பெரியவர்கள் எத்தனை பேர் போயிருப்பார்கள். மெழுகு குளிர்ந்த அறையில் காத்திருக்கும், காது காத்திருக்காது. பாதுகாப்புத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் எந்த உருளை மோசமாக இருக்கிறது என்று பார்த்து வரிசை போடுவார்கள், எந்த மொழியில் கேட்பதற்கு ஆள் குறைந்துகொண்டு வருகிறது என்று பார்த்தும் போட்டிருக்க வேண்டும்.

இதே மொழிக்குடும்பத்தில், எல்லைக்கு அந்தப் பக்கம், நேர்மாறாக ஒன்று நடந்தது. வுலாஸ்தக்வே என்கிற மாலசீட் மக்களிடம் 1907 வாக்கில் வில்லியம் மெக்லிங் என்பவர் எடுத்த உருளைகள் கனடிய வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்தன. மேகி பால் என்ற மூத்த பாடகி சொல்லித்தான் அவை அங்கே இருப்பதே ஜெரமி டச்சர் என்ற இளைஞருக்குத் தெரிந்தது. அவர் போய்க் கேட்டு, எழுதி, அந்தப் பழைய குரல்களோடு சேர்ந்து தானும் பியானோ வாசித்துப் பாடி ஒரு ஆல்பம் வெளியிட்டார். 2018இல் அதற்குக் கனடாவின் போலாரிஸ் இசைப் பரிசு கிடைத்தது. பரிசு மேடையில் நிற்கிற பாட்டுக்குப் பின்னால் ஒரு பாட்டியின் ஞாபகம் இருக்கிறது, பட்டியல் இல்லை.

நம் பக்கத்திலும் ஒரு உருப்படி இருக்கிறது, அதையும் சொல்லாமல் விட மனசில்லை. ஜார்ஜ் கிரியர்சன் நடத்திய இந்திய மொழி அளவாய்வுக்காக 1913 முதல் 1929 வரை கிராமஃபோன் தட்டுகளில் பேச்சு மாதிரிகள் பதிவு செய்தார்கள். மொத்தம் 97 மொழிகளும் வட்டார வழக்குகளும், தமிழும் உண்டு. பெரும்பாலான இடங்களில் பேசவைத்தது பைபிளில் வருகிற ஊதாரி மகன் கதையை, ஏனென்றால் எல்லா மொழியிலும் ஒரே கதை இருந்தால் ஒப்பிட வசதி. தட்டுகள் லண்டனுக்குப் போயின, சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நூலகத் திட்டம் டிஜிட்டல் வடிவில் இணையத்தில் வைத்திருக்கிறது. சென்னை மாகாணத்துத் தட்டுகளில் பேசிய பகுதிகளின் எழுத்து வடிவத்தை மட்டும் 1927இல் இங்கே அரசு அச்சகமே புத்தகமாகப் போட்டது. பாசமகுவாடிக்காரர்கள் இயர்போனோடு உட்கார்ந்து வருடக்கணக்கில் செய்த வேலையில் பாதி நமக்கு ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன்னாலேயே அச்சில் கிடைத்துவிட்டது. சில நூறு பேர் இல்லை, கோடிக்கணக்கில் கேட்கக்கூடிய காதுகளும் இருக்கின்றன. ஒரு மழை நாள் மத்தியானம் வட்டாரத் தமிழ் நன்றாகத் தெரிந்த நாலு பேர் அந்தத் தமிழ்த் தட்டுகளைப் போட்டுக் கேட்டு, இந்த ஆள் எந்தப் பக்கத்துக்காரர், இந்த வார்த்தையை இப்போது எந்த ஊரில் இப்படிச் சொல்கிறார்கள் என்று தகராறு பண்ணிக்கொண்டு எழுதிவைத்தால் எப்படி இருக்கும்.